மாலைப் பொழுதும் மைதானமும்

ஆடி மாதத்தில் செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் வேல் இரதம் காலிமுகத்திடலின் கடற்காற்றை வாங்கிக்கொண்டு, காலி வீதி வழியே பம்பலப்பிட்டியை வந்தடையும் காட்சியைக் கொழும்புவாசிகள் யாவரும் அறிவர். அந்த வழியை இரு முனைகளிலும் சற்றே நீட்டிப் பாருங்கள். வடக்கே கொட்டாஞ்சேனை, தெற்கே வெள்ளவத்தை. தலைநகரில் தமிழர் வாழும் பகுதிகள் எவை என்று கேட்டால் எவருக்கும் முதலில் நாவில் வருவன இவ்விரு பெயர்களே. இடையிலுள்ள தூரம் ஏறக்குறைய 6 மைல். ஆயினும் இங்குள்ள பிள்ளை அங்கே போவதில்லை. அங்குள்ள பிள்ளைக்கு இங்கே அலுவல் இல்லை.

பள்ளிக்கூடம் விட்ட பின்னர், இருள் சூழ்வதற்கு முன்னர், 15 வயதுப் பையன் ஒருவன் எங்கே போகிறான்? இந்தக் கேள்வியை மனத்திற் கொண்டு சென்ற மாதம் ஒரு மாலை இவ்விரு பகுதிகளையும் சுற்றி வந்தேன். களவு, கத்திக்குத்து, போதைப்பொருள் என்று நாளிதழில் வரும் செய்திகளைப் படித்து நாம் பெருமூச்சு விடுகிறோம். பையன் நீதிமன்றத்திற் கொண்டுவந்து நிறுத்தப்பட்ட நாளைப் பத்திரிகை சொல்லும். அதற்கு முந்திய 300 மாலைகளை அவன் எங்கே கழித்தான் என்பதை யார் எழுதுகிறார்கள்?

வெள்ளவத்தையில் மாலை 4 மணி என்பது ஒரு தனிக் காட்சி. புடைவைக் கடைகளின் வாசலிற் சனக்கூட்டம். சைவ உணவுச்சாலைகளிலிருந்து வடை பொரியும் வாசனை. அவற்றிற்கிடையே, முதுகிற் சுமையோடு, பள்ளிச் சீருடையைக் கூட மாற்றாமல் ரியூசன் வகுப்புக்கு விரையும் பிள்ளைகள். காலையிற் பள்ளிக்கூடம், மாலையில் ரியூசன், இரவிற் பயிற்சிக் கொப்பி. இந்த அட்டவணையை வகுத்த பெற்றோரை நான் குறை கூற மாட்டேன். போரினால் ஊரையும் வீட்டையும் இழந்து வந்தவர்களுக்குப் பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறு ஒன்றுதான் எவரும் பறிக்க முடியாத சொத்தாகத் தோன்றியது.

ஆனால் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் நடந்து பார்த்தால் மற்றொன்றும் புலப்படும். முற்றமும் மாமரமும் உடைய வீடுகள் இருந்த இடங்களில் இன்று தொடர்மாடிகள் நிற்கின்றன. கீழ்த்தளம் முழுவதும் வாகனத் தரிப்பிடம். அங்கே இரண்டு தூண்களுக்கு நடுவே ரெனிஸ் பந்தை வைத்துக்கொண்டு பையன்கள் நால்வர் கிரிக்கெட் ஆடினார்கள். பந்து ஒரு காரின் கண்ணாடியைத் தொட்டதும் காவலாளி வந்து கலைத்துவிட்டார். அவர்மேலும் பிழையில்லை, அவருக்குக் கண்ணாடிக்குப் பொறுப்பு. வெள்ளவத்தை நெசவாலை இருந்த பெருநிலத்திலும் இப்போது ஹவ்லொக் சிற்றியின் கோபுரங்கள் எழுந்துள்ளன. மேற்கே கடல் உண்டு; ஆனால் அதற்கு முன்னே வாகனங்கள் பறக்கும் மரைன் டிரைவ், அதற்கப்பால் ரயில் பாதை, அதற்கும் அப்பாற் கருங்கற் குவியல். ஓடி விளையாட ஓர் இடம் எங்கே?

படிக்க இடம் உண்டு. அதை மறைக்கக் கூடாது. 1942ஆம் ஆண்டிற் பிறந்த கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் 57ஆம் ஒழுங்கையில் இருக்கிறது. இராமகிருஷ்ண மிஷன் இருக்கிறது. சைவ மங்கையர் கழகம் இருக்கிறது. புத்தகத்தை நாடும் பிள்ளை இவற்றில் ஒன்றை எப்படியோ கண்டுபிடித்துவிடுவான். புத்தகத்தை நாடாத பிள்ளையைப் பற்றியே என் கவலை.

ஊரைவிட்டு நகரத்துக்கு வந்த வாலிபன் மாலையில் எங்கே போவது என்பது புதிய கேள்வியன்று. இலண்டன் மாநகரிற் புடைவைக் கடையொன்றில் வேலை பார்த்த ஜோர்ஜ் வில்லியம்ஸ் என்ற இளைஞர், கடை மூடிய பின் தம் தோழர்களுக்கு மதுச்சாலையைத் தவிரப் போக்கிடம் இல்லாமையைக் கண்டு, 1844ஆம் ஆண்டு ஜூன் மாதம் சிலரைக் கூட்டி ஒரு சங்கம் அமைத்தார். அதுவே கிறிஸ்தவ வாலிபர் சங்கம். 1882இல் அது கொழும்புக்கும் வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுவினைஞர் உத்தியோகத்துக்கு வந்த நம்மவரும் வாளாவிருக்கவில்லை. ஊரில் வாசிகசாலையும் விளையாட்டுக் கழகமும் நடத்திய பழக்கத்தைப் பெட்டியோடு சேர்த்துக் கொண்டுவந்தனர். 1899இல் தமிழ் யூனியன் கிரிக்கெட் மற்றும் மெய்வல்லுநர் கழகம் தோன்றியது.

இங்கே ஒரு சிறு கதை. 1948ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் டொன் பிராட்மனின் அவுஸ்திரேலியக் குழு இங்கிலாந்துக்குச் செல்லும் வழியிற் கொழும்பில் இறங்கி, வனாத்தமுல்லையில் உள்ள தமிழ் யூனியனின் மைதானத்தில் ஒரு நாள் ஆடியது. இலங்கை அணிக்குத் தலைவர் எம். சதாசிவம். ஆட்டத்தின் நடுவே ஏதோ சரியில்லை என்ற ஐயம் எழுந்து, ஆடுகளத்தை அளந்து பார்த்தார்கள். 22 யார் இருக்க வேண்டிய இடத்தில் 20 யார்தான் இருந்தது! அதே மைதானத்திலேதான் 1982 பெப்ரவரியில் இலங்கை தன் முதலாவது டெஸ்ட் போட்டியை ஆடியது. பி. சரவணமுத்துவின் பெயரைத் தாங்கி அது இன்றும் நிற்கிறது.

பெருமைக்குரிய வரலாறுதான். எனினும் ஒன்றை மனம் திறந்து சொல்ல வேண்டும். அத்தகைய கழகங்கள் வெள்ளைக் காற்சட்டையும் மாதச் சம்பளமும் உடையோருக்கு உரியனவாகவே வளர்ந்தன. சந்துப் பையனுக்கு மதிலுக்கு வெளியே நின்று பந்து பொறுக்கும் உரிமைதான் கிடைத்தது.

இந்த எண்ணத்தோடு மட்டக்குளி பஸ்ஸில் ஏறினேன். ஒரு மணி நேரம் நெரிசலில் நின்ற பின்னர், ஆமர் வீதியைத் தாண்டியதும் காற்றின் வாசனையே மாறிவிட்டது. துறைமுகத்தின் எண்ணெய், கருவாடு, மல்லிகைச் சரம், தேவாலயத்துச் சாம்பிராணி யாவும் கலந்த ஒரு வாசனை. புனித லூசியா பேராலயத்தின் பெரிய கவிகை மாடம் வீட்டுக் கூரைகளுக்கு மேலே தெரிகிறது. சிறிது தூரம் கீழிறங்கினால், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுப்பித்த பொன்னம்பலவாணேசர் ஆலயம். பரதவர், கொழும்புச் செட்டிகள், மலையகத்திலிருந்து வேலை தேடி வந்தோர், முஸ்லிம்கள், சிங்களக் கத்தோலிக்கர் ஆகிய அனைவரும் ஒரே குழாயிற் தண்ணீர் பிடிக்கும் தெருக்கள் இங்குண்டு. 1883இல் இதே கொட்டாஞ்சேனையிற் பௌத்தருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே கலகம் மூண்டது என்பது சரித்திரம். இன்றோ பந்தை உதைக்கும் பையன் தமிழிற் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சிங்களத்தில் ஏசி, இரண்டும் கலந்த ஒரு மொழியிற் சமாதானம் ஆகிறான்.

ஒரு மேட்டின் மீது விவேகானந்த சபை நிற்கிறது. 1897ஆம் ஆண்டு ஜனவரி 15ஆந் திகதி சுவாமி விவேகானந்தர் மேலைநாடுகளிலிருந்து திரும்பி வந்து முதன்முதலிற் கால் பதித்தது கொழும்பிலேதான். அவருடைய வருகையால் எழுச்சி பெற்றோர் 1902இல் அச்சபையை நிறுவினர். அதே பயணத்திற் சென்னை இளைஞருக்கு அவர் கூறிய அறிவுரை பலருக்கு வியப்பை அளித்தது: முதலில் உடல் வலிமை வேண்டும், சமயம் பின்னர் வரும் என்று சொல்லி, உதைபந்தாட்டத்தையே அதற்கு உதாரணமாகக் காட்டினார். கொட்டாஞ்சேனைப் பையன்கள் அதைப் படித்திருக்க மாட்டார்கள், ஆனால் பின்பற்றுகிறார்கள். தேசிய அளவிற் பெயர் பெற்ற ரினோன் உதைபந்தாட்டக் கழகம் இந்த மண்ணைச் சேர்ந்ததே.

நான் தேடிப் போனது பெயர் பெற்ற கழகத்தை அன்று. ஜெம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், தகரக் கூரை வேய்ந்த ஓர் அறை. ஒரு கரம் பலகை, தோல் கிழிந்த இரண்டு சோடிக் குத்துச்சண்டைக் கையுறைகள், சுவரில் மாட்டிய கரப்பந்து வலை, ஒரு நீண்ட வாங்கு. இவையே சொத்து. இதை நடத்துபவர் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். பத்திரிகையில் தம் பெயரும் கழகத்தின் பெயரும் வரக் கூடாது என்று முன்னரே கேட்டுக்கொண்டார்.

"என்ன விளையாட்டுச் சொல்லிக் கொடுக்கிறீர்கள், ஐயா?" என்று கேட்டேன்.

"விளையாட்டா? பந்து ஒரு சாட்டு, மாஸ்டர். பொடியன் வர வேண்டும். வந்தால் நான் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்" என்றார்.

அறையின் கதவோரத்தில் ஒரு கொப்பி தொங்கியது. வருகிற ஒவ்வொரு பையனும் அதிற் தன் பெயரைத் தானே எழுத வேண்டும். எழுதத் தெரியாதவன்? "இங்கே வந்துதான் இரண்டு பேர் எழுதப் பழகினார்கள்" என்றார். இரண்டு நாள் பெயர் விழாவிட்டால் மூன்றாம் நாள் பெரியவர் வீட்டுக்குப் போய்விடுவார். திட்டுவதற்கு அன்று, காய்ச்சலா, தகப்பனுக்கு வேலை போய்விட்டதா, அல்லது புதிதாக யாரேனும் பையனுக்குத் தொலைபேசி வாங்கிக் கொடுத்திருக்கிறார்களா என்று பார்ப்பதற்கு. இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியமானது. உழைக்காத பிள்ளையின் கையில் விலையுயர்ந்த பொருள் வந்தால், அதைக் கொடுத்தவன் ஏதோ ஒரு சிறு பொட்டலத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறான் என்பது அச்சந்தின் அனுபவம்.

அந்தக் கொப்பியைப் பார்த்தபோது எனக்கு உள்ளம் குன்றியது. ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1990களின் பிற்பகுதியில் நானும் இதே பகுதியில், இதைப் போன்ற ஓர் அறையில், மாலை வேளைகளிற் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். அதை நடத்திய இளைஞரை நாங்கள் எல்லாரும் அண்ணை என்றே அழைப்போம். அவர் ஒருநாள் கனடாவுக்குப் புறப்பட்டுப் போனார். பொறுப்பு என் கைக்கு வந்தது. சகோதரர் இருவர் ஒழுங்காக வந்துகொண்டிருந்தார்கள். பிறகு தம்பி மட்டும் வந்தான். "அண்ணா எங்கே?" என்று கேட்டேன். "வருவான், சேர்" என்றான். நானும் அதை நம்பினேன். அல்லது நம்புவது எளிதாக இருந்தது. அவர்களுடைய வீடு ஐந்து நிமிட நடைதான். நான் போகவில்லை. பரீட்சைக் காலம், மழை, சோதனைச் சாவடி என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஏழாவது கிழமையில் மூத்தவனைப் பொலிஸார் ஹெரோயினுடன் பிடித்தார்கள். அவனுக்கு அப்போது 16 வயது. கணக்கிற் கெட்டிக்காரன்.

நான் போயிருந்தால் தடுத்திருப்பேன் என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. போகவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அண்ணைமார் போனார்கள் என்றேன். கொழும்பில் நம் இளைஞர் மன்றங்கள் மெலிந்ததற்கு இதுவே பெருங்காரணம் என்பது என் கருத்து. 1983 ஜூலைக்குப் பின் 20 வயதுக்கும் 35 வயதுக்கும் இடைப்பட்டோர் கப்பலேறியும் விமானமேறியும் போனார்கள். கழகத்தைத் தாங்குவது அந்த வயதினரே. கிழவருக்கு மூச்சு வாங்கும், சிறுவருக்கு அதிகாரம் இல்லை. எஞ்சியவர்களுக்கோ கூடுவதே ஆபத்தாயிற்று. தமிழ் இளைஞர் ஐவர் ஒரு சந்தியில் நின்றால் அடையாள அட்டையைக் காட்ட வேண்டிய காலம் அது. 2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆந் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களின் விடுதிகளிற் தங்கியிருந்த தமிழர் 370க்கும் மேற்பட்டோரை பஸ்களில் ஏற்றி நகரத்துக்கு வெளியே அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது என்றாலும், அந்த நாளை மறக்க எவராலும் முடியவில்லை. பிள்ளை வீட்டுக்குள் இருந்தாற் போதும் என்று தாய்மார் நினைத்ததில் வியப்பென்ன? வெள்ளவத்தையில் அந்தப் பழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது. புறப்பட்டுப் போன அண்ணைமார் தொரண்டோவிலும் இலண்டனிலும் ஊர்ச் சங்கங்களும் விளையாட்டுக் கழகங்களும் கண்டு, கோடை தோறும் போட்டி நடத்துகிறார்கள். நல்லதுதான். சந்தில் மீந்த கரம் பலகைக்கு மட்டும் ஆள் இல்லாமற் போயிற்று.

ஆள் இல்லாத இடத்தில் வேறு ஆள் வந்து நிற்பான். 1980களின் தொடக்கத்தில் ஹெரோயின் இந்நாட்டிற் பரவத் தொடங்கியதும் 1984இல் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை அமைக்கப்பட்டது. பின்னர் ஐஸ் வந்தது. 2022இல் அதற்கும் கடுந்தண்டனை விதிக்கச் சட்டம் திருத்தப்பட்டது. 2023 டிசம்பரில் 'யுக்திய' என்ற பெயரிற் பொலிஸார் நாடளாவிய தேடுதலைத் தொடங்கி ஆயிரக்கணக்கானோரைக் கைது செய்தனர். சட்டம் வேண்டாம் என்பதில்லை. ஆனால் அது வருவது பையன் விழுந்த பின்னர். 1944ஆம் ஆண்டிலிருந்தே நம் சட்டத்தில் இடம்பெற்றுள்ள நன்னடத்தை உத்தியோகத்தரும் நீதிமன்றப் படியில் நின்றே அவனைச் சந்திக்கிறார்.

கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளே கெட்டவர்கள் என்று பேசுவோர் வெள்ளவத்தையில் உண்டு. அவர்களுக்கு அமெரிக்காவின் சிக்காகோ நகரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். கிளிபர்ட் ஷோ, ஹென்றி மக்கே என்னும் இரு ஆய்வாளர்கள் அந்நகரின் சிறுவர் நீதிமன்றப் பதிவுகளைப் பல பத்தாண்டுகளுக்கு ஒப்பிட்டு 1942இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். சில குடியிருப்புகளில் முதலில் ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும் வாழ்ந்தார்கள். அவர்கள் வசதி பெற்று வெளியேற, போலந்துக்காரரும் இத்தாலியரும் வந்தார்கள். குடிகள் மாறினாலும் அந்த இடங்களிற் சிறுவர் குற்றத்தின் அளவு மாறவில்லை. வெளியேறிய இனத்தாரின் பிள்ளைகளோ புதிய இடத்திற் சாதாரணப் பிள்ளைகளாயினர். குற்றம் குருதியில் இல்லை, தெருவில் இருக்கிறது என்பதே அதன் பொருள். ஷோ அத்தோடு நில்லாமல், அந்தத் தெருக்களில் வாழ்ந்தவர்களையே பொறுப்பாளராக்கி இளைஞர் மன்றங்களையும் தொடங்கினார்.

அண்மைக்கால உதாரணம் வேண்டுமானால் ஐஸ்லாந்து இருக்கிறது. 1998ஆம் ஆண்டில் அந்நாட்டின் 15, 16 வயதினரில் நூற்றுக்கு 42 பேர், முந்திய ஒரு மாதத்திற்குள் மது அருந்தி வெறித்ததாக ஒப்புக்கொண்டார்கள். 2016இல் அது நூற்றுக்கு 5 ஆயிற்று. இடையில் அவர்கள் செய்தவற்றுள் முக்கியமானவை மூன்று. பயிற்றப்பட்டவர் நடத்தும் விளையாட்டு, இசை முதலிய மாலைப் பயிற்சிகளை எல்லாப் பிள்ளைகளுக்கும் எட்டச் செய்தார்கள். கட்டணம் செலுத்த முடியாத குடும்பத்துக்கும் தலைநகரின் நகராட்சி ஆண்டு தோறும் உதவுதொகை வழங்கியது. இரவிற் பிள்ளை எத்தனை மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்பதைப் பெற்றோர்கள் கூடி ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அது பணக்கார நாடு என்பீர்கள். உண்மை. ஆயினும் மூன்றாவதற்குப் பணம் வேண்டியதில்லை.

நம் நாட்டில் 1979ஆம் ஆண்டின் 69ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் இருக்கிறது. 13 வயது முதல் 29 வயது வரையுள்ளோர் கழகம் அமைத்துப் பிரதேச செயலகத்தின் வழியாகப் பதிவு செய்யலாம். கொட்டாஞ்சேனைக்குக் கொழும்புப் பிரதேச செயலகம், வெள்ளவத்தைக்குத் திம்பிரிகஸ்யாய. பதிந்தால் பயிற்சிகளும் போட்டிகளும் கிடைக்கும். குறை என்னவென்றால், ஆண்டுப் போட்டிக்கு ஒரு கிழமை முன்னர் விழித்து மறு கிழமை உறங்கும் காகிதக் கழகங்களும் இருக்கின்றன. தேர்தற் காலத்திற் சுவரொட்டி ஒட்டுவதற்கென்றே மேற்சட்டை பெற்றுக்கொள்ளும் கழகங்களும் இருக்கின்றன. பெயர்ப்பலகை இருக்கும் இடமெல்லாம் பெரியவர் ஒருவர் கொப்பியோடு இருக்கிறார் என்று எண்ணிவிடக் கூடாது.

மற்றொரு குறையைப் பெரியவரிடமே சொன்னேன். "பெண்பிள்ளைகள் ஒருவரையும் காணவில்லையே?"

அவர் தலையைச் சொறிந்தார். "இடம் ஒன்றுதான், மாஸ்டர். ஞாயிறு காலையில் அவர்களுக்கு விட்டுத் தரலாம் என்று மகள் சொல்கிறாள். தாய்மார் அனுப்ப வேண்டுமே" என்றார். பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து ஆடிய பெண்பிள்ளை பரீட்சை முடிந்த அன்றே விளையாட்டை நிறுத்துவது கொட்டாஞ்சேனையின் வழக்கம் மாத்திரமன்று. வெள்ளவத்தையின் 8ஆம் மாடியிலும் அதே வழக்கந்தான். அவள் நீதிமன்றத்துக்கு வருவதில்லை. ஆகையால் அவளைப் பற்றி எவரும் கவலைப்படுவதும் இல்லை. மகளின் யோசனையை எழுதி வைக்கும்படி பெரியவரைக் கேட்டுக்கொண்டேன்.

மணி ஏழாயிற்று. கையுறைகளை ஆணியில் மாட்டினார்கள். வலையைச் சுருட்டினார்கள். கரம் காய்களை எண்ணி டப்பாவிற் போட்டான் ஒரு சிறுவன், ஒன்று குறைந்தது, வாங்கின் கீழ் உருண்டு கிடந்தது. பெரியவர் மூக்குக் கண்ணாடியை அணிந்து கொப்பியை விளக்குக்கு நேரே பிடித்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"நேற்றும் இல்லை" என்று தமக்குள்ளே சொல்லிக்கொண்டார்.

அறையைப் பூட்டிச் சாவியை மடியிற் செருகினார். பஸ் தரிப்பிடம் வலப்பக்கம் என்று எனக்குக் கை காட்டினார். தாம் இடப்பக்கம், புளூமெண்டால் வீதியை நோக்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார். நான் பஸ் தரிப்பிடத்தை நோக்கிச் சிறிது தூரம் போய்விட்டேன். பிறகு திரும்பி, அவர் பின்னால் ஓடினேன்.

"நானும் வரட்டுமா, ஐயா?"

"வாருங்கள், மாஸ்டர். ஐந்து நிமிட நடைதான்" என்றார்.